நரம்புச் சிலந்தியும் நாயும்

(ஒரு கிராம வாசக சாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்றைக்கு நம்மை இங்கு அழைத்த தோழர்கள், "இந்த ஊரில் ஆடு மாடு இல்லாத வீடு கிடையாது, ஆகையால் மிருகங்களுக்கு வரும் புழு நோய்களைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று கேட்டுக் கொண்டார்கள். நாம் மிருக வைத்தியர் அல்ல. மருந்து சொல்லவோ ஊசி போடவோ நாம் வரவில்லை. அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயம் நிஜமா பொய்யா என்பதை எப்படிக் கண்டு பிடிக்கிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்கும் கெட்ட வழக்கம் ஒன்று நமக்கு நீண்ட நாளாக உண்டு. அந்த வழக்கத்தை உத்தேசித்துத்தான் அழைத்திருப்பார்கள் என்று எண்ணுகிறோம்.

நீங்கள் சந்தைக்குப் போய் ஒரு மாடு வாங்குகிறீர்கள். முதலில் என்ன பார்க்கிறீர்கள்? பல்லைப் பார்க்கிறீர்கள், அது நியாயம். பல்லுக்கும் வயதுக்கும் சம்பந்தமிருக்கிறது. அடுத்தபடியாகச் சுழி பார்க்கிறீர்கள். ராஜ சுழி இருந்தால் விலை ஏறுகிறது. பாடைச் சுழி இருந்தால், எவ்வளவு நல்ல மாடாயிருந்தாலும், வாங்கினவன் வீட்டில் பாடை கட்ட வேண்டி வரும் என்று பயந்து பாதி விலைக்கும் கேட்க ஆளில்லை. மாட்டின் தோல் மேல் மயிர் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதற்கு இவ்வளவு ஆராய்ச்சி! அதே மாட்டின் வயிற்றுக்குள்ளே, ஈரலுக்குள்ளே, ரத்தத்துக்குள்ளே என்ன குடியிருக்கிறது என்று சந்தையில் யாராவது கேட்டதுண்டா? மாட்டைத் தின்பது சுழியா, புழுவா? நீங்களே சொல்லுங்கள்.

சரி, பார்க்க வேண்டும் என்றே வைத்துக் கொள்ளுவோம். எப்படிப் பார்ப்பது? சாணியையோ புழுக்கையையோ எடுத்துப் பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் புழுவின் முட்டை தெரியும். இது நூறு வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது, இன்றும் நல்ல முறைதான், செலவும் கம்மி. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆட்டின் நான்காவது இரைப்பையில் ஒட்டிக் கொண்டு ரத்தம் குடிக்கும் ஹெமாங்கஸ் என்ற புழுவின் முட்டையும், அவ்வளவு பொல்லாததல்லாத வேறு சில குடற்புழுக்களின் முட்டையும் கண்ணாடியில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். முட்டையைப் பொரிய வைத்து, ஒரு வாரம் பத்து நாள் காத்திருந்து, குஞ்சுப் புழுவின் வாலைப் பார்த்து இன்னது என்று சொல்ல வேண்டும். அதற்குள் ஆடு செத்தாலும் சாகும். அன்றியும், கண்ணுக்கு ஒன்று போலத் தோன்றுவதெல்லாம் ஒன்றுமல்ல. வேறு போலத் தோன்றுவதெல்லாம் வேறுமல்ல. இந்த இடத்தில்தான், உருவத்தைப் பார்ப்பதை விட்டு, உயிர்ப் பொருளின் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கும் புது முறை வந்து சேர்ந்தது.

அந்த முறையைப் பொதுவாக விவரித்தால் உங்களுக்குத் தூக்கம் வரும். ஆகையால் ஒரே ஒரு புழுவின் வழக்கை எடுத்துக் கொள்ளுவோம். அது நமக்கும் பழைய பகையாளி. அதற்கு நம் ஊர்களில் நரம்புச் சிலந்தி என்று பெயர்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சிலருக்கு அது ஞாபகமிருக்கலாம். யாராவது ஒருவர் கணுக்காலில் அதன் தழும்புகூட இருக்கலாம். காலில் ஒரு கொப்புளம் எழும்பும். நெருப்பு வைத்தது போல் எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்ததும் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் மாதிரி ஒன்று தலை நீட்டும். நீளம் ஒரு மீட்டர் வரையிலும் வரும். அதை ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக் கணக்கில் இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்து போனாலோ கால் வீங்கிச் சீழ் பிடித்து, சிலருக்கு மூட்டே மடங்காமல் போய்விடும். விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் இப்படிப் படுத்து விட்டால் அந்த வருஷம் அந்த வீட்டில் அடுப்பு எரியுமா?

இதன் பெயரையே பாருங்கள். சிலந்தி என்றால் எட்டுக் கால் பூச்சியென்று நினைக்க வேண்டாம். அந்தச் சொல்லுக்குக் கட்டி, புண் என்ற பொருளும் உண்டு. ஆக, நரம்பிலே வரும் புண் என்பதாகப் பெயர் வைத்தார்கள். வெளியே வந்தது உயிருள்ள புழு என்று தெரியவில்லை. நரம்பு கழன்று வருகிறது என்று நினைத்தார்கள். நம்மவர்கள் மாத்திரம் ஏமாந்தார்கள் என்று வெட்கப்பட வேண்டியதில்லை. அரபு நாட்டு வைத்தியர்களும் இதை "மதீனா நரம்பு" என்ற பொருள்படும்படியே அழைத்தார்கள். ஐரோப்பாவில் லின்னேயஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1758-ல் இதற்கு வைத்த பெயரிலும் அந்த மதீனா ஒட்டிக் கொண்டது. நரம்பு என்று நினைத்தவன் அதைப் புழுவென்று எப்படி ஒழிப்பான்? சாபம் என்று நினைத்தவன் பரிகாரம் செய்தான். முன் ஜென்ம வினை என்று நினைத்தவன் பரிகாரம்கூடச் செய்யாமல் படுத்துக் கிடந்தான்.

1870-ல் பெட்சென்கோ என்ற ருஷ்ய ஆராய்ச்சியாளர்தான் இதன் வரலாற்றைக் கண்டு பிடித்தார். புழு காலிலிருந்து தண்ணீரில் குஞ்சுகளைக் கொட்டுகிறது. அக் குஞ்சுகளை சைக்ளாப்ஸ் என்ற, கடுகினும் சிறிய, ஒற்றைக் கண் நீர்ப்பூச்சி விழுங்குகிறது. அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கிறவன் வயிற்றுக்குள் பூச்சியும் போகிறது. பூச்சி செரித்துப் போகிறது; குஞ்சு செரிப்பதில்லை. அது குடலைத் துளைத்துக் கொண்டு உடம்புக்குள் புகுந்து, ஆணும் பெண்ணும் கூடி, ஆண் செத்துப் போக, பெண் சுமார் ஒரு வருஷம் வளர்ந்து காலுக்கு வந்து சேருகிறது. குடிக்கிற தண்ணீரிலேயே இறங்கிக் கால் கழுவுகிற படிக்கட்டுக் கிணறுகளும் குளங்களும் உள்ள ஊரில் இந்தச் சக்கரம் நிற்காமல் சுற்றும். சக்கரத்தை எங்கே உடைப்பது என்று இப்பொழுது உங்களுக்கே தெரிந்து விட்டது. தண்ணீரைத் துணியில் வடிகட்டு. புண்ணுள்ளவன் குளத்தில் இறங்காதே. பூச்சியைக் கொல்ல தெமிபாஸ் என்ற மருந்தைக் குளத்தில் அளவோடு விடு. முடிந்தது. இந்நோய்க்கு இன்று வரை தடுப்பு மருந்தும் கிடையாது, தீர்க்கும் மருந்தும் கிடையாது. வேட்டித் துணியாலும் விசாரிப்பாலுமே இது அடங்கியது.

இந்தியாவில் தமிழ் நாடு உள்பட ஏழு மாகாணங்களில் இது இருந்தது. 1996-ல் ராஜஸ்தானில் கடைசி நோயாளி. 2000-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவில் இது ஒழிந்தது என்று சான்று கொடுத்தது. உலக முழுவதிலும் 1986-ல் வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2024-ல் 15 பேருக்குத்தான் கண்டது. அம்மை ஒன்றைத் தவிர மனிதனை விட்டு அடியோடு ஒழிந்த நோய் வேறு கிடையாது. இரண்டாவது இடம் இதற்கே கிடைக்கும் என்றிருந்தது. இதற்காக முப்பத்தெட்டு வருஷம் பாடுபட்ட அமெரிக்க மாஜி ஜனாதிபதி கார்ட்டர், கடைசிப் புழு செத்த பிறகுதான் தாம் சாக வேண்டும் என்று சொல்லிக் கொண்டிருந்தார். அவர் 2024 டிசம்பர் 29-ல், நூறு வயதில் இறந்தார். புழு இன்னும் சாகவில்லை.

ஏன் சாகவில்லை? இங்கேதான் நாய் வருகிறது.

ஆப்பிரிக்காவின் நடுவில் சாட் என்று ஒரு நாடு. அங்கே ஷாரி என்று ஓர் ஆறு. கரை நெடுகிலும் மீன் பிடித்துப் பிழைக்கும் ஏழை ஜனங்கள். அந்நாட்டில் ஏறக்குறையப் பத்து வருஷம் ஒரு நோயாளிகூடக் கணக்கில் வரவில்லை. ஒழிந்தது என்றே எல்லோரும் நம்பினார்கள். 2010-ல் திடீரென்று பத்துப் பேருக்குக் கண்டது. அதிலும் ஒரு விசித்திரம்: மற்ற இடங்களில் ஒரு குளத்துத் தண்ணீர் குடித்த ஊரே சேர்ந்து படுக்கும். இங்கேயோ, இந்த ஊரில் ஒருவர், அந்த ஊரில் ஒருவர் என்று சிதறிக் கிடந்தது. 2012-ல் ஆற்றங்கரை நாய்களின் கால்களிலிருந்தும் அதே மாதிரி வெள்ளைப் புழு தொங்குவதைக் கண்டார்கள். தேடத் தேட நாய்கள் பெருகின. 2015-ல் சுமார் ஐந்நூறு. 2016-ல் ஆயிரத்தை எட்டிற்று. 2019-ல் 1,900-க்கும் மேல். அதே சாட்டில் புழு கண்ட மனிதர்களையோ வருஷா வருஷம் விரல் விட்டு எண்ணி விடலாம். அதிகமான வருஷத்தில் ஐம்பதுகூட ஆனதில்லை.

தோழர்களே! அப்போது கேள்வி என்னவென்றால், நாயிலிருந்து வருவதும் மனிதனிலிருந்து வருவதும் ஒரே புழுவா, வேறா?

இதில் என்ன வந்து விட்டது என்று நினைக்காதீர்கள். இதில்தான் எல்லாம் இருக்கிறது. வேறு ஜாதிப் புழு என்றால், நாயை அதன் பாட்டுக்கு விட்டு விட்டு, மனிதர்களை மாத்திரம் கவனித்து வேலையை முடித்து விடலாம். ஒரே புழு என்றால், கடைசி மனிதனைக் குணப்படுத்தினாலும் பிரயோஜனமில்லை. நாயிலிருந்து மறுபடியும் தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து மறுபடியும் மனிதனுக்கும் வந்து கொண்டே இருக்கும். 1986 முதல் செய்த வேலையெல்லாம் ஆற்றில் கரைத்த புளி. தவறாக "வேறு" என்று சொன்னால் நோய் நிலைத்து விடும். தவறாக "ஒன்று" என்று சொன்னால், ஏழை மீன்காரனுடைய நாயைக் காரணமில்லாமல் மாதக் கணக்கில் கட்டிப் போட்டு, உள்ள பணத்தை வீணாக்கி, அவன் நம்பிக்கையையும் கெடுத்ததாகும். ஆகவே ஊகத்தினால் சொல்லக் கூடாது.

புத்தகங்கள் என்ன சொல்லின? "இது மனிதனுக்கே உரிய புழு, மிருகங்களில் எப்போதாவது கண்டால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை" என்பதாகத்தான் பல காலமாக எழுதி வந்தார்கள். இத்தனைக்கும் 1930-களிலேயே, நமக்குப் பக்கத்தில் மைசூர் சமஸ்தானத்தில், மூர்த்தி, ஸ்வீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மனிதப் புழுவின் குஞ்சுகளை சைக்ளாப்ஸ் மூலமாக நாய்களுக்குக் கொடுத்து, அவற்றில் புழு வளருவதைக் கண்டு எழுதியும் வைத்திருந்தார்கள். எழுதி வைத்தது ஒரு பக்கம் இருந்தது. நம்பி வந்தது ஒரு பக்கம் நடந்தது. சாஸ்திரத்தை நம்பாதே என்று சொல்லுகிற நாம், ஆராய்ச்சிக்காரர் புத்தகத்துக்கு மாத்திரம் விலக்குக் கொடுக்க முடியுமா? அதுவும் புத்தகந்தானே. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணால் பார்த்துச் சோதிக்க முடியவில்லை. இந்தக் குடும்பத்துப் புழுக்களை உருவத்தால் பிரிக்க வேண்டுமானால் ஆண் புழு வேண்டும். ஆணோ நாலு சென்டிமீட்டர் அளவில் உடம்புக்குள்ளேயே செத்து மறைந்து விடுகிறது. கிடைப்பதெல்லாம் பெண் புழு; அதுவும் அறுந்த துண்டு. பெண்கள் எல்லாம் ஒரே சாயல். வட அமெரிக்காவில் ரக்கூன் என்ற மிருகத்தில் இதன் சகோதரப் புழு ஒன்று இருக்கிறது. இரண்டின் பெண்ணையும் பக்கத்தில் வைத்தால் பிரித்துச் சொல்லுவது வெகு கஷ்டம்.

இனி அந்தப் புது முறைக்கு வருவோம். உயிருள்ள எந்தப் பொருளின் ஒவ்வொரு நுண்ணறையிலும் டி.என்.ஏ. என்று ஒரு நீண்ட இழை இருக்கிறது. அதில் நான்கே எழுத்துக்கள் மாறி மாறி வருகின்றன. இந்தப் புழுவில் அப்படிச் சுமார் பத்துக் கோடி எழுத்துக்கள். தாய் தகப்பனிலிருந்து பிள்ளைக்கு அது நகல் எடுக்கப்படுகிறது. நகல் எடுக்கும் போது எப்போதாவது ஓர் எழுத்துப் பிழை வருகிறது. பிழையும் சேர்ந்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

நம் பழைய ஓலைச் சுவடிகளை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரே நூலுக்கு ஊருக்கொரு ஏடு கிடைக்கிறது. ஓர் ஏட்டில் பத்தாவது வரியில் ஒரு பிழை. அதே பிழை இன்னும் மூன்று ஏடுகளிலும் அதே இடத்தில் இருக்கிறது. அந்த நான்கும் ஒரு தாய் ஏட்டிலிருந்து வந்தவை என்று பதிப்பிக்கிறவர் சொல்லி விடுவார். எழுதினவன் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், மேலே போர்த்தியிருக்கும் பட்டுத் துணியும் வேண்டாம். பிழையே வம்சத்தைச் சொல்லுகிறது. புழுவிலும் அதேதான். உடம்பின் உருவம் பட்டுத் துணி, எழுத்துத்தான் ஏடு.

ஆனால் ஒரு துண்டுப் புழுவில் உள்ள எழுத்து மிகச் சொற்பம், படிக்கப் போதாது. அதைப் பெருக்குவதற்கு 1983-ல் முல்லிஸ் என்ற அமெரிக்கர் ஒரு வழி கண்டார். 1993-ல் அதற்கு நோபெல் பரிசும் வாங்கினார். வழி வெகு சுளுவானது. டி.என்.ஏ. முறுக்கிய இரட்டைப் புரி. அதைத் தொண்ணூற்றைந்து டிகிரிக்குச் சூடாக்கினால் புரி இரண்டும் பிரியும். கொஞ்சம் ஆற விட்டால், நாம் சேர்த்திருக்கும் சிறு அடையாளத் துண்டுகள் வேண்டிய இடத்தில் போய் ஒட்டிக் கொள்ளும். அங்கிருந்து ஒரு நொதிப் பொருள் ஒவ்வொரு புரிக்கும் எதிர்ப் புரியைக் கட்டி முடிக்கும். ஒன்று இரண்டாயிற்று. மறுபடியும் சூடு, இரண்டு நாலாயிற்று. சதுரங்கக் கட்டத்தில் நெல்லை இரட்டித்து வைத்து ராஜாவின் களஞ்சியத்தைக் காலி செய்த கதை உங்களுக்குத் தெரியும். முப்பது தரம் இரட்டித்தால் ஒன்று நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும்; ஓரிரண்டு மணி நேர வேலை. இவ்வளவு சூட்டிலும் கெடாத நொதி எங்கே கிடைத்தது என்றால், அமெரிக்காவில் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு கிருமியிடமிருந்து கிடைத்தது. நம் நாட்டில் வெந்நீர் ஊற்றைக் கண்டால் என்ன செய்வோம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒருவர் 1960-களில் குனிந்து, இதில் என்ன வாழுகிறது என்று பார்த்தார்.

சாட் நாட்டில் நாய்களிலிருந்தும் மனிதர்களிலிருந்தும் எடுத்த புழுத் துண்டுகளைச் சாராயத்தில் போட்டுச் சோதனைச் சாலைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே முதலில் படித்தது தாய் வழி எழுத்தை. இது ஏன் என்று சொல்லி விடுகிறோம். பெண் புழுவின் உடம்பு முழுதும் குஞ்சுகள் அடைத்திருக்கின்றன. துண்டை அரைத்தால் தாயின் எழுத்தோடு தகப்பன் எழுத்தும் கலந்து வந்து குழப்பும். ஆனால் நுண்ணறைக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஓர் உறுப்பு உண்டு. அதற்குத் தனியாகச் சிறிது டி.என்.ஏ. இருக்கிறது, அது தாயிடமிருந்து மாத்திரமே வருவது. தாய்க்கும் குஞ்சுக்கும் அது ஒன்றே, கலப்பில்லை. வம்சத்தைத் தகப்பன் வழியாகவே எண்ணிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கசப்பாயிருக்கும். புழுவைக் கேட்டால் தாயைத்தான் சொல்லுகிறது.

விடை வந்தது. 2014-ல் வெளியான முதல் சோதனைகளில் நாய்ப் புழுவையும் மனிதப் புழுவையும் பிரிக்க முடியவில்லை. 2018-ல் இன்னும் அதிகமான புழுக்களை வைத்துப் பார்த்தார்கள், அதே விடை. 2020-ல் புழுவின் முழு எழுத்தையும் படித்து, சாட் மாத்திரமல்ல, எத்தியோப்பியா, தெற்கு சூடான், மாலி முதலிய நாட்டுப் புழுக்களையும், பூனை, குரங்கு இவற்றிலிருந்து எடுத்த புழுக்களையும் சேர்த்து ஒப்பிட்டார்கள். புழுக்கள் நாட்டுக்கு நாடு பிரிந்து நின்றன. மிருகத்துக்கு மிருகம் பிரிந்து நிற்கவில்லை. சாட் நாட்டு மனிதனுடைய புழுவுக்கு நெருங்கிய உறவு எத்தியோப்பியா மனிதனுடைய புழு அல்ல. சாட் நாட்டு நாயின் புழுவே.

இன்னொன்றும் வெளிப்பட்டது. சாட் புழுக்களுக்குள்ளே எழுத்து வேற்றுமை மிகுதியாயிருந்தது. எங்கிருந்தோ நாலு புழு வந்து 2010-ல் புதிதாகப் பெருகியிருந்தால் அவ்வளவு வேற்றுமை இராது. ஒரே ஏட்டின் புது நகல்களைப் போல எல்லாம் ஒன்றாயிருக்கும். ஆகவே, ஒழிந்து விட்டது என்று கணக்கில் எழுதியிருந்த பத்து வருஷமும் புழு அங்கேயே யார் கண்ணிலும் படாமல் இருந்து வந்தது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. சர்க்கார் கணக்கில் பூஜ்யம், ஆற்றங்கரையில் புழு. பூஜ்யம் என்று எழுதுவதற்கும் பூஜ்யமாயிருப்பதற்கும் உள்ள தூரத்தை இந்த எழுத்து காட்டிக் கொடுத்தது. இது நம் ஊர்க் கணக்குகளுக்கும் பொருந்துமா என்று நீங்கள் கேட்டால், நாம் பதில் சொல்லாமல் உட்கார்ந்து விடுவோம்.

இதே கருவி மற்றொரு பக்கமும் வெட்டும். எத்தியோப்பியாவிலும் தெற்கு சூடானிலும், நரம்புச் சிலந்தியோ என்று சந்தேகித்து எடுத்த வெள்ளை நாடா போன்ற புழுக்கள், 37 பேரிடமிருந்து வந்தவை, அந்தப் புழுவே அல்ல. நாய் பூனைகளின் குடலில் வளரும் ஒரு நாடாப் புழுவின் குஞ்சு என்று தெரிந்தது. இது 2015-ல் வெளியாயிற்று. கண்ணை மாத்திரம் நம்பியிருந்தால், நோய் இல்லாத ஊரில் நோய் பரவுகிறது என்று பீதி கிளப்பியிருப்பார்கள்.

நாய்க்கு அது எப்படி வந்தது என்பதை எழுத்து சொல்லவில்லை. அது சொல்லக் கூடியதுமல்ல; யார் யாருக்கு உறவு என்பதைச் சொல்லும், யார் எந்த வழியாக வீட்டுக்குள் வந்தான் என்பதைச் சொல்லாது. அதற்கு வேறு விதமான உழைப்பு வேண்டியிருந்தது. நாய் நக்கிக் குடிக்கும் போது நீர்ப்பூச்சி பெரும்பாலும் விலகி விடும். ஆனால் மீனும் தவளையும் அந்தப் பூச்சியைத் தின்னும். குஞ்சுப் புழு அவற்றின் உடம்பில் காத்திருக்கும். 2016-ல் சாட் நாட்டுத் தவளை ஒன்றில் அதைக் கண்டும் விட்டார்கள். அங்கேயும் இது அந்தப் புழுதானா என்று தீர்ப்புச் சொன்னது எழுத்தே. மீன்காரர் மீனை அரிந்து குடலைக் கரையில் எறிகிறார்; நாய் தின்கிறது. முன்னே சொன்ன விசித்திரம், அதாவது ஊருக்கு ஒருவராக நோய் சிதறிக் கிடந்தது, இப்போது விளங்குகிறதல்லவா? குளத்தில் குடித்து வந்ததானால் கூட்டமாக வரும். சரியாக வேகாத மீனில் வந்ததானால் இங்கொருவர் அங்கொருவராகத்தான் வரும்.

இந்த விடைகள் கைக்கு வந்த பிறகு செய்த வேலை என்ன தெரியுமா? ஆகாய விமானமும் பீரங்கியுமல்ல. மீன் குடலைக் குழி தோண்டிப் புதை. மீனை நன்றாக வேக வை. புழு தொங்கும் நாயைக் கட்டிப் போட்டுச் சோறு தண்ணீர் கொடு; அதைத் தண்ணீரில் இறங்க விடாதே. புழு கண்ட நாயைக் காட்டுகிறவனுக்கு வெகுமதி கொடு. நாயை அடித்துக் கொல்லு என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கொல்லத் தொடங்கினால் எவன் தன் நாயைக் காட்டுவான்? ஒளித்து வைப்பான், மறுபடியும் கணக்கில் பூஜ்யம் வரும். நாயைக் கட்டி வைத்து, வேளாவேளைக்குத் தண்ணீர் வைத்தவர்கள் அந்த ஆற்றங்கரைப் பெண்களும் பிள்ளைகளுமே. சோதனைச் சாலையில் படித்த எழுத்து அவர்கள் கையில் வந்துதான் காரியமாயிற்று. 2019-ல் சாட்டில் மாத்திரம் 1,900-க்கு மேலிருந்த மிருகங்களின் எண்ணிக்கை, 2024-ல் எல்லா நாடுகளும் சேர்ந்தே 600-க்குச் சற்று மேலாகக் குறைந்தது. 2030-க்குள் முடித்து விட வேண்டும் என்று இப்பொழுது கெடு வைத்திருக்கிறார்கள். முன்னே 2020 என்று வைத்த கெடு நாயினால் தவறிற்று.

கூட்டத்தில் ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "இந்தியாவில் நாயை யாரும் கட்டிப் போடவில்லையே, இங்கே மாத்திரம் எப்படி ஒழிந்தது?" நல்ல கேள்வி. இங்கே நோய் குளத்தோடும் படிக்கட்டுக் கிணற்றோடும் நின்றது. ஒரு கிணற்றைச் சரி செய்தால் ஒரு ஊர் பிழைத்தது. ஆற்று மீன் வழியாகச் சுற்றும் சக்கரம் ஷாரி ஆற்றங்கரையில் உருண்டது போல் இங்கே உருண்டதாகக் காணவில்லை. ஒரே புழு, இடத்துக்குத் தகுந்த வழி. ஆகையால் ஓர் ஊரில் பலித்ததை எடுத்து எல்லா ஊருக்கும் விதி என்று எழுதி வைத்து விடக் கூடாது.

நேரமாகி விட்டது. விளக்கைச் சுற்றிப் பூச்சிகளும் வந்து விட்டன. உங்கள் ஆடு மாடு நாய்களுக்கு இதில் ஒரு சிறு வேலை சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம். மிருகத்திலிருந்து உங்களுக்குத் தெரியாத புழு எதாவது வந்தால் அருவருத்து நெருப்பில் போட்டு விடாதீர்கள். திருஷ்டி என்று சுற்றிப் போடவும் வேண்டாம். ஒரு சுத்தமான சீசாவில், ஆஸ்பத்திரி சாராயத்தில் அதைப் போட்டு மூடுங்கள். பார்மலினில் போட்டால் உருவம் கெடாது, ஆனால் எழுத்து கெட்டு விடும், சாராயந்தான் நல்லது. எந்த மிருகம், எந்தத் தேதி, எந்த ஊர், தண்ணீர் குடிக்கும் இடம் எது என்று ஒரு துண்டுக் கடிதத்தில் பென்சிலால் எழுதி அதற்குள்ளேயே போட்டு, பக்கத்து மாட்டு ஆஸ்பத்திரியில் கொடுங்கள். மையினால் எழுதினால் சாராயத்தில் கரைந்து போகும்.